ஆறு சக்கரத்துக்கும் சந்தனம்

எங்கள் அப்பாவால் சுடச்சுட இருக்கும் பித்தளையை வெறும் விரலால் பிடிக்க முடியும் என்று ஆறாம் வகுப்பு 'பி' பிரிவு முழுக்க நான் சொல்லி வைத்திருந்தேன். ஒருத்தரும் நம்பவில்லை. நம்பாதவர்களோடு டூ விட்டேன். அந்த வருஷம் பாதி வகுப்போடு எனக்குப் பேச்சு கிடையாது. ஆனால் நான் சொன்னதில் ஒரு சொட்டுப் பொய்யில்லை. என் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன்.

அப்போது நாங்கள் கள்ளிக்குப்பத்தில் குடியிருந்தோம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட இரண்டு அறை, வாசலில் அடிபம்பு. அப்பா தினமும் சைக்கிள் மிதித்து ஆவடிப் பக்கம் ஒரு பாக்டரிக்குப் போய் வந்தார். டூல் ரூமில் ஃபிட்டர். மற்ற மெஷின்களுக்கு வேண்டிய அச்சுகளையும் கருவிகளையும் செய்து கொடுக்கிற இடம் அது என்பதால் அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. அப்பாவுக்குக் கொஞ்சம் என்று சொல்ல முடியாது. தலைமுடி கனத்துக்கு வித்தியாசம் வந்தாலும் செய்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாராம். வீட்டில் தோசை வட்டமாக வராவிட்டாலும் ஒரு பார்வை பார்ப்பார். ஸ்கேல் வைத்தா தோசை ஊற்ற முடியும் என்று அம்மா கேட்டுவிட்டு, அடுத்த தோசையை வேண்டுமென்றே இலங்கை மாதிரி ஊற்றுவாள்.

அந்த வருஷம் கோடையில் ஒரு கனமான இரும்பு அச்சு அவர் பிடியிலிருந்தே நழுவி, இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நசுக்கிவிட்டது. தையல் போட்டார்கள். இரண்டு மாதத்தில் விரல்கள் பார்க்க நன்றாக ஆகிவிட்டன. நகம் மட்டும் கோணலாக முளைத்தது. ஆனால் இரண்டு விரலும் மரத்துப் போயிருக்கின்றன, உணர்வு திரும்பும் வரை ஓடுகிற மெஷின் பக்கம் விடக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். பாக்டரியில் அப்பாவை ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். கேட்கிறவர்களுக்கு ஸ்பேனரும் அரமும் எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்தால் துடைத்து மாட்டி வைக்கிற வேலை. சம்பளத்தில் பைசா குறையவில்லை. ஆனாலும் மனுஷர் பாதியாக இளைத்துப் போனார்.

மரத்துப் போவது என்றால் எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மூன்றாவது பீரியடுக்குள் என் கால் மரத்துப் போகும். இரண்டு உதறு உதறினால் ஜிவ்வென்று ரத்தம் ஏறிச் சரியாகிவிடும். இந்தச் சின்ன விஷயம் கூடத் தெரியாமல் அப்பா ஏன் மாசக்கணக்கில் கஷ்டப்படுகிறார் என்று எனக்கு ஆச்சரியம். ஒரு நாள் வைத்தியத்தைச் சொல்லியும் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, என் எதிரிலேயே கையை இரண்டு உதறு உதறினார். சரியாப் பூடுச்சு என்றார். அதற்குப் பிறகு அம்மாவிடமும் அதையே சொன்னார். பாக்டரியில் கேட்டவர்களிடமும் அதையே சொன்னார். என் வைத்தியம்தான் பலித்தது என்று நான் கொஞ்ச நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அவர்கள் பிரிவின் பெரிய ஆபீசருக்கு ரயில் பைத்தியம். நிஜ ரயில் இல்லை, மேஜை மேல் ஓடுகிற குட்டி ரயில். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒல்லியான மனுஷர். அப்பாவை நீங்க, வாங்க என்றுதான் பேசுவாராம். அவர் பையன் வெளிநாட்டிலிருந்து நீராவி எஞ்சினின் சேசிஸ் ஒன்றை அனுப்பியிருந்தான். சேசிஸ் என்றால் எஞ்சினின் அடிச்சட்டம், சக்கரங்கள் மாட்டுகிற எலும்புக்கூடு. ஆனால் அது சேசிஸாக வரவில்லை. ஒரு நோட்டுப் பக்கம் அளவுக்குப் பித்தளைத் தகடாக வந்தது. பாகங்களின் உருவத்தை ஆசிட்டால் அரித்துத் தகட்டிலேயே விட்டிருந்தார்கள். ஒவ்வொன்றையும் வெட்டி, மடக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்து நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஆபீசருக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆரம்பித்துப் பார்த்துவிட்டுப் பயந்து மூடி வைத்துவிட்டார்.

கை சரியாகிவிட்டது என்று அப்பா மூன்றாவது தடவையாகப் போய் நின்றபோது அவர் அந்தப் பொட்டலத்தை எடுத்து நீட்டியிருக்கிறார். விரலில் உணர்வு இல்லாதவனால் இதைச் செய்ய முடியாது. நீங்கள் செய்து, அது ஓடினால், டாக்டர் என்ன எழுதியிருந்தாலும் உங்களை மறுபடி டூல் ரூம் பெஞ்சுக்கு அனுப்பச் சொல்லி நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றாராம். ஒரே நிபந்தனை, ஆயுத பூஜைக்குள் முடிய வேண்டும். பண்டிகை லீவோடு அவர் மாற்றலாகி வடக்கே போகிறார். அடுத்து வருகிறவர் எப்படிப்பட்டவரோ யாருக்குத் தெரியும்.

அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கோலம் போடுகிற தகர அச்சு மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. உள்ளே சட்டங்கள், தண்டுகள், அரிசிக் குருணை அளவுக்கு என்னென்னவோ துண்டுகள், எல்லாம் மெல்லிய காதுகளால் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கூட வந்த ஆறு சக்கரங்களும் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அளவு. இங்கிலீஷில் நாலு பக்கம் எழுதியிருந்தது. படம் இருக்கும்போது படிப்பு எதற்கு என்று அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. அப்பா ஷிப்டு முடிந்து வந்ததும் டிரங்குப் பெட்டி மேல் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கதவைச் சாத்தக் கூடாது, காற்றில் துண்டு பறந்துவிடும். ஃபேன் போடக் கூடாது. நான் அந்த அறையில் ஓடக் கூடாது, தும்மக் கூடாது. ஒரு துண்டு கீழே விழுந்து உருண்டால் அம்மா விளக்குமாற்றைத் தொடாமல் தரையைக் கையால் தடவித் தேடுவாள். இந்த ஊரில் மாற்றுத் தகடு கிடைக்காது, கெட்டால் கெட்டதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். நடுச்சட்டத்தை மடக்கிய அன்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மடிப்புக் கோட்டில் தகடு பாதி அரித்திருக்கும். ஒரு தடவைதான் மடக்கலாம், பிரித்து மறுபடி மடக்கினால் ஒடிந்துவிடும். அப்பா அளந்தார், மறுபடி அளந்தார், தகட்டை வைஸின் இரும்புத் தாடையில் வைத்தார், எடுத்தார். அரை மணி நேரம் இதே கதை. கடைசியில் ஒரு அழுத்து அழுத்தினார். சரியாக மடிந்தது. அவர் முதுகில் பனியன் நனைந்து ஒட்டியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

மடக்கிய பிறகு பற்றவைக்கிற வேலை. இடது கையில் துண்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சூடான சால்டரிங் அயர்னை வைத்து ஈயத்தை உருக்குவார். இடுக்கியால் பிடித்தால் அசைந்துவிடுகிறது என்று ஒரு நாள் இடுக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இரண்டு விரலாலேயே பிடித்துக்கொண்டார். ஈயம் பளபளவென்று ஓடியது. அவர் கண்ணை எடுக்கவில்லை. ஏதோ பொசுங்குகிற வாசனை வந்தது. அடுக்களையிலிருந்து அம்மா என்ன கருகுகிறது என்று குரல் கொடுத்தாள். அப்பா அப்போதுதான் தன் விரலைப் பார்த்தார். வெடுக்கென்று கையை எடுத்து லுங்கிக்குள் ஒளித்துக்கொண்டு, பலகைதான் தீய்ந்தது என்று பதில் சொன்னார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"உங்கம்மா கைல சொல்லாத, இன்னா? வாய மூடிக்கினு இருக்கணும்" என்றார்.

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றுதானே சொன்னார். வகுப்பில் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லையே. மறுநாளே சொன்னேன். கொப்புளம் வந்தும் ஆ என்று ஒரு சத்தம் போடாத அப்பா வேறு யாருக்கு இருக்கிறார், சொல்லுங்கள்.

சட்டம் முடிந்து சக்கரம் மாட்டியதும் அடுத்த சனி பிடித்தது. ஒரு பக்கத்து மூன்று சக்கரங்களையும் ஒரு நீளத் தண்டு சேர்த்துப் பிடித்திருக்கும். இந்தப் பக்கத்துத் தண்டு உச்சியில் இருக்கும்போது அந்தப் பக்கத்துத் தண்டு பாதி வழியில் இருக்க வேண்டும். இரண்டு பக்கத்துச் சக்கரங்களையும் கோக்கிற மூன்று அச்சிலும் இது ஒன்று போலவே இல்லாவிட்டால் எல்லாம் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது. ஆபீசர் தண்டவாளம் அடித்த ஒரு பலகையும் கொடுத்து விட்டிருந்தார். அதன் ஒரு முனையில் தீப்பெட்டியைப் படுக்க வைத்து, அந்தச் சரிவில் சேசிஸை விட்டால் தானாக மறுமுனைக்கு உருண்டு போக வேண்டும். அதுதான் பரீட்சை. எங்களுடையது இரண்டு விரற்கடை போய் நொண்டி நின்றது. அப்பா கழற்றினார், மாட்டினார், பத்து நாள் இதே வேலை. சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். அம்மா ரசத்தை ஊற்றிவிட்டுப் போவாள். பூஜைக்கு ஆறு நாள்தான் இருந்தது. ஸ்கூலில் கூட நான் விரல் விட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கோளாறு என்னவென்றால், அப்பா டூல் ரூம் புத்தியில் ஒவ்வொரு துளையையும் முடிக்கனம் கூட இடைவெளி இல்லாமல் அளவெடுத்துச் செய்து வைத்திருந்தார். அந்தக் குட்டித் தண்டுக்குக் கொஞ்சம் லூசு வேண்டும். மனசே இல்லாமல், பாவம் செய்கிறவர் மாதிரி, ஊசி அரத்தால் துளைகளை ஒரு சுற்றுப் பெரிதாக்கினார். தீப்பெட்டியை வைத்துச் சேசிஸை விட்டார். ஆறு சக்கரமும் சுற்ற, தண்டுகள் ஏறி இறங்க, சத்தமே இல்லாமல் கடைசி வரைக்கும் போய் முட்டி நின்றது. அன்று ராச்சாப்பாட்டுக்கு அம்மா அப்பளம் பொரித்தாள்.

பாக்டரியில் ஆயுத பூஜையை லீவுக்கு முந்தின நாளே கொண்டாடிவிடுவார்கள். வருஷத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள் என்பதால் கேட்டில் திருவிழாக் கூட்டம். மெஷின்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, கலர்க் காகிதம் ஒட்டி, டூல் ரூம் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. நடுவே ஒரு பெரிய இரும்பு மேஜையில் அரங்களையும் அளவுக் கருவிகளையும் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அப்பாவின் தோஸ்து ஒருவர், மில்லிங் மெஷினில் வேலை செய்கிறவர், நான் மில்லிங் மாமா என்று கூப்பிடுவேன், அவர் எங்கள் சேசிஸை வாங்கிக் கொண்டுபோய் அந்த மேஜையின் நட்டநடுவில் வைத்தார். அப்பா கூட வரவில்லை. ஸ்டோர்க்காரர்களோடு நிற்க வேண்டியது அவர் முறையாம். ஜன்னல் பக்கமே போய் நின்றுகொண்டார்.

மில்லிங் மாமா என் கையில் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் கொடுத்தார்.

"எதையும் உட்றாத பாப்பா. எல்லாத்துக்கும் வெச்சுகினே வா" என்றார்.

எனக்கு ஒரே பெருமை. வீட்டில் சைக்கிளுக்குப் பொட்டு வைக்கும்போது அப்பா வருஷா வருஷம் சொல்வது ஒன்றுதான்: ஓடுறது சக்கரம், அதை விட்டுவிட்டு ஹேண்டில்பாருக்கு வைத்து என்ன பிரயோஜனம். எனவே அரத்துக்கெல்லாம் ஒப்புக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு, சேசிஸுக்கு வந்ததும் மனசார ஆரம்பித்தேன். ஆறு சக்கரத்துக்கும் நடு மையத்தில், அச்சு நுழைகிற இடத்தில், நல்ல தளரக் கரைத்த சந்தனமாகப் பார்த்து எடுத்து அப்பினேன். அதன் மேல் குங்குமம். தண்டுகளுக்குத் தனித்தனியாக. பின்பக்கம் விட்டுப்போகக் கூடாதென்று, தூக்கித் திருப்பி உள்பக்கமும் வைத்தேன். அதைவிட பக்தியாக ஒரு எஞ்சினுக்கு யாரும் பூஜை செய்திருக்க மாட்டார்கள்.

பூஜை ஒரு மணி நேரம் நடந்தது. மேலே ஷீட்டிலிருந்து அனல் இறங்கியது, பக்கத்தில் பெரிய ஃபேன் சுற்றியது. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து முடித்த பிறகு ஆபீசர் வந்து திருநீறு பூசிக்கொண்டார். கையில் ஒரு தாள். நம்ம ரயிலைப் பார்ப்போமா என்று கேட்டு, தூரத்தில் நின்ற அப்பாவைக் கைகாட்டி அழைத்தார். கூட்டம் சுற்றிக்கொண்டது. பலகையைப் போட்டு, ஒரு முனையில் தீப்பெட்டியை வைத்து, அப்பா சேசிஸை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்து விரலை எடுத்தார்.

அது நகரவில்லை.

ஆபீசர் குனிந்து ஒரு விரலால் லேசாகத் தள்ளினார். சக்கரம் சுற்றாமல் சறுக்கிக்கொண்டு போயிற்று. சந்தனம் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். ஒரு நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பி நாலு அறை விட்டிருந்தால் கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கையில் இன்னும் கிண்ணத்தோடு நான் நின்றேன்.

மில்லிங் மாமா சட்டென்று மேஜையிலிருந்த ஒரு மெல்லிய கத்தியை நோக்கிக் கை நீட்டினார். அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வேணாம் மச்சான். கற்பூரம் காட்டியாச்சு. அதுல கை வெக்காத."

கற்பூரம் காட்டிய கருவியை மறுபூஜை போட்டு எடுக்கும் வரை தொடக் கூடாது. அது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அந்த ஷெட்டில் இருந்த அத்தனை அரமும் ஊசியும் குறடும் அப்போது சாமி. லீவு முடிந்து பார்க்கலாமே என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். லீவு முடியும்போது நான் இங்கே இருக்க மாட்டேனே என்று ஆபீசர் வருத்தமாகத்தான் சொன்னார். சேசிஸை எடுத்து ஓடவிட்டதே சரியா என்பதில் கூட ஒரு சர்ச்சை வந்தது. பூஜை செய்த பெரியவர் யோசித்து, அது வெறும் விளையாட்டுச் சாமான்தானே, எடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். ஒன்றரை மாதம் தூக்கமில்லாமல் செய்ததற்கு அப்பாவுக்கு அந்தப் பெயர்தான் கிடைத்தது.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் தாலிச் சரட்டில் எப்போதும் இரண்டு ஊக்குகள் தொங்கும். ஒன்றைக் கழற்றி, விரித்து, அப்பாவின் வலது கையில் வைத்தாள். ஊக்குக்கு யாரும் கற்பூரம் காட்டவில்லையே. பிறகு பன்னீர்ச் சொம்பை எடுத்துக் கொண்டுவந்து பக்கத்தில் நின்றாள்.

அப்பா சேசிஸை இடது கையில் பிடித்துக்கொண்டு ஊக்கால் குடைய ஆரம்பித்தார். அம்மா சொட்டுச் சொட்டாகப் பன்னீர் விட்டாள். சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே ஊக்கு நுழைந்து நுழைந்து வந்தது. வழுக்கியது. மறுபடி நுழைந்தது. அப்பாவின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனி வரை வந்து சொட்டியது. அவர் முகத்தில் வேறு எந்த அசைவும் இல்லை. சந்தனம் மஞ்சளாகக் கரைந்து விரல் வழியே ஓடியது. பிறகு சிவப்பாக ஓடியது. குங்குமம் வேறு அள்ளி அள்ளி வைத்திருந்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மில்லிங் மாமா குத்துவிளக்கிலிருந்து ஒரு சொட்டு எண்ணெயைத் தொட்டு வந்து அச்சுகளில் விட்டார்.

இரண்டாவது தடவை தண்டவாளத்தில் வைத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். பொரிப் பொட்டலத்தை யாரோ கசக்குகிற சத்தம் கேட்டது. பிறகு கைதட்டல். கண்ணைத் திறந்தால் சேசிஸ் மறுமுனைக்குப் போய்க்கொண்டிருந்தது. தண்டுகள் ஏறின, இறங்கின. கடைசியில் ஆபீசர் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மில்லிங் மாமா விசிலடித்தார்.

ஆபீசர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய கையை விட்டுவிட்டு, இன்னொரு கையைப் பார்த்தார். விரல் நுனியிலிருந்து சிவப்பாக ஒரு சொட்டுப் பலகை மேல் விழுந்தது. என்னங்க அது என்று கேட்டார். அப்பாவும் அப்போதுதான் குனிந்து பார்த்தார்.

"குங்குமம் சார். கொழந்த வெச்சுது" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே அந்த விரல்களைத் தன் முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

பழி என் மேல் வந்தால் நியாயம்தான் என்று நான் முன்னால் வந்தேன்.

"நாந்தான் சார் வெச்சேன்" என்றேன்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மேஜை ஓரத்தில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் கொடுத்தார். ஜாக்கிரதையாக இருங்கள் என்று மட்டும் சொன்னார். ஜெயித்துவிட்டோம். பஸ்ஸில் வீடு வரும்போது நான் இரண்டு பொட்டலம் பொரியையும் தீர்த்துவிட்டேன்.

லீவு முடிந்து பாக்டரி திறந்ததும் அப்பா டூல் ரூமுக்குப் போகவில்லை. அந்தத் தாள் எங்கள் டிரங்குப் பெட்டியில், அம்மாவின் கூறைப் புடவைக்கு அடியில் கிடந்தது. அவர் தானாகவே ஸ்டோர் ஜன்னலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ரிட்டயர் ஆகிற வரைக்கும் அங்கேதான். ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். நாலு பேர் நடுவில் நான் மானத்தை வாங்கியதால் அவருக்கு அந்த ஷெட்டுக்குள் போக வெட்கமாகிவிட்டது. அழுகையாக வரும். கல்யாணமாகிப் போகிற வரை ஆயுத பூஜைக்கு நான் சந்தனக் கிண்ணத்தைத் தொட்டதில்லை.

ஆனால் விஷயம் பாக்டரியில் பூஜை நடந்த அன்று சாயங்காலமே முடிந்துபோயிருந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அடிபம்பில் கை கழுவப் போனார். நான் பம்பு அடித்தேன். கழுவினார். சிவப்பு போயிற்று. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. மறுபடி கழுவினார். கிட்டே போய்ப் பார்த்தால், இரண்டு விரலிலும் பொடிப் பொடியாக ஏழெட்டுப் புள்ளிகள். ஊக்கு வழுக்கும்போதெல்லாம் சக்கரத்தைத் தாண்டிப் போய்க் குத்தியிருக்கிறது. அப்பா ஒவ்வொரு புள்ளியாக, இன்னொருத்தர் கையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அம்மாவின் ஊக்கை எடுத்தார். என்ன செய்கிறார் என்று நான் யோசிப்பதற்குள் அதை விரல் நுனியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக அழுத்தினார். கண்ணைத் திறந்து பார்த்தார். ஊக்கின் முனை உள்ளே இருந்தது.

"வலிக்குதாப்பா?" என்று கேட்டேன்.

"இல்லமா" என்றார். அப்புறம் கொஞ்சம் கழித்து, "கொஞ்சங்கூட வலிக்கல" என்றார்.

குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு அந்த நிமிஷம் மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. என்னால் அப்பாவுக்கு ஊசி குத்து, என்னால் ரத்தம், ஆனால் வலிக்கவில்லை! இந்த நல்ல சேதியை உடனே சொல்லியாக வேண்டும் என்று உள்ளே ஓடினேன். அம்மா அடுப்பில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாவுக்குக் கொஞ்சங்கூட வலிக்கலியாம்" என்றேன்.

அம்மாவின் கரண்டி நின்றுவிட்டது. கடுகு வெடித்து அடங்கி, கருக ஆரம்பித்தது. அவள் வாசல் பக்கம் பார்த்தபடியே நின்றாள். பம்பு சத்தம் நின்றிருந்தது. நல்ல சேதி கொண்டுவந்ததற்கு ஒரு கை சுண்டலாவது கிடைக்கும் என்று நான் அவள் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.